ஓர் 'ஆ' குறைகிறது

அண்ணா, உன் நாவல் வந்து சேர்ந்தது.
கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கிறேன்,
பீர் வாங்க வருகிறவர்களுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டே.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பால் கறை. மன்னித்துவிடு.

ஒரே பையனுக்குள் இரண்டு பேர் என்று
பின்னட்டையில் போட்டிருக்கிறார்கள்.
வீட்டில் மின், பள்ளியில் மிலான்.
ஹெப் நகரத்தின் பழைய ராணுவக் கொட்டடிச் சந்தையில்,
நாற்பத்தேழாம் கடையில்,
ஜெர்மன்காரர்கள் தோட்டத்துக்கென்று வாங்கிப்போகும்
சிவப்புத் தொப்பிக் குள்ளர் பொம்மைகளுக்கு நடுவே
பாதி வியட்நாம், பாதி செக் என்று
கிழிந்து கிழிந்து வளர்கிறான்.
பிராக் பத்திரிகைகள் அழுதுவிட்டனவாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
ஒருவனுக்குள் இரண்டு பேரா?
இரண்டு பேர்தானே இருந்தோம்.

மூன்றாம் அத்தியாயம் நீ.
உறைந்த குளத்தில் ஸ்டெனெக்கோடும் வாஷெக்கோடும்
ஹாக்கி மட்டையும் கையுமாகக் கிடந்து
இருட்டிய பிறகு வருவாய்.
அம்மா வியட்நாமியில் கேட்பதற்கெல்லாம்
செக்கில் பதில். அதுவும் ஒற்றைச் சொல்.

ஏழாம் அத்தியாயம் நான்.
வரி அதிகாரி முன்னால் நாற்காலியில் ஏறி நின்று
"பன்னிரண்டாயிரம் அபராதம்" என்று அவர் சொன்னதை
"கொஞ்சம் கட்ட வேண்டுமாம்" என்று அப்பாவிடமும்,
அப்பா திட்டிய திட்டை
"மிக்க நன்றி என்கிறார்" என்று அதிகாரியிடமும் சொன்னது
ஒன்பது வயது நான்.
இரண்டு பக்கமும் பொய் சொன்னேன்,
இரண்டு பக்கமும் கெட்டிக்காரி என்றார்கள்.
உன் மிலான் எல்லாவற்றையும் சரியாக மொழிபெயர்த்துவிட்டு
வெளியே வந்து பனியில் அழுகிறான்.
நான் அழவில்லை. ஐஸ்கிரீம் கேட்டேன்.

தூய் என்று ஒருத்தி உன் கதையில் எங்குமில்லை.
நன்றியுரையில் இருக்கிறேன்,
அம்மாவுக்கும் பதிப்பாசிரியருக்கும் இடையில்.

இந்த ஊர் மொழியில்
போனேன், நின்றேன் என்று சும்மா சொல்லிவிட முடியாது.
போனது ஆணா பெண்ணா என்று
வினையின் வால் காட்டிக்கொடுத்துவிடும்.
பெண்ணென்றால் கடைசியில் ஓர் 'ஆ'. அவ்வளவுதான்.
உன் புத்தகத்தில் நான் போன இடத்துக்கெல்லாம்
மீசை வைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

வீட்டு மொழியிலோ
'நான்' என்று தனியாக ஒன்று புழங்குவதே இல்லை.
உன்னிடம் பேசும்போது நான் 'எம்'. தங்கை.
எதிரே நீ இருந்தால்தான் அந்தச் சொல் நிற்கும்.
நீ ரயிலேறிப் போன பிறகு
அந்தச் சொல்லுக்கு இந்த வீட்டில் வேலையில்லை,
உன் பழைய ஹாக்கி மட்டைபோல.

நேற்றுக் கடை சாத்தியதும் பென்சில் எடுத்தேன்.
ஏழாம் அத்தியாயம் முழுக்க, என் வினைகளுக்கெல்லாம்
ஓர் 'ஆ' போட்டுக்கொண்டே வந்தேன்.
ஏறினேன், ஆ. சொன்னேன், ஆ. கேட்டேன், ஆ.
யாராவது சத்தமாகப் படித்தால்
பல்வலிக்காரி எழுதியது என்பார்கள்.
மூன்றாம் அத்தியாயத்தைத் தொடவில்லை.
குளம் உன்னுடையது.

இருநூற்று நாற்பதாம் பக்கத்தில் சிக்கிக்கொண்டேன்.
டிசம்பர் மாதச் சந்தை. மேசைக்கு அடியில்,
அட்டைப்பெட்டி விரித்து, போர்வைக்குள்,
மூக்குடைந்த குள்ளனைக் கட்டிப்பிடித்தபடி படுத்திருக்கிறான்.
மேலே அம்மா மார்க்கில் விலை சொல்கிறாள்,
பத்து, எட்டு, சரி ஆறு,
குளிரில் எண்கள் தந்தியடிக்கின்றன.
'தூங்கிப்போனேன்' என்று முடிகிறது பக்கம்.

அது யார், அண்ணா?
உடைந்த மூக்கு என் உள்ளங்கையில் குத்தியது.
நன்றாக நினைவிருக்கிறது.
முதுகில் உன் முழங்கால் குத்தியதும்.

ஓர் 'ஆ' போட்டேன். அழித்தேன்.
திரும்பவும் போட்டேன்.
தாள் மெலிந்து, அடுத்த பக்கத்து எழுத்து தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாயே,
வரும்போது
நல்ல ரப்பர் ஒன்று எடுத்து வா.